சோடியம் பைருவேட்: மீடியாவில் அந்த ஒரு மில்லிமோலார் செய்கிற வேலை

கல்ச்சர் அறையில் சேர்ந்த முதல் வாரம் கையில் கிடைக்கும் மீடியா (செல் வளரும் ஊட்டத் திரவம்) தயாரிப்புத் தாளில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: “சோடியம் பைருவேட், 100 எக்ஸ், 5 மி.லி.” 100 எக்ஸ் என்றால் நூறு மடங்கு அடர்த்தியான கரைசல். எதற்கு என்று கேட்டால் “செல்லுக்கு எனர்ஜி” என்பார்கள். விற்பவர்களின் கேட்லாக்கிலும் அதுதான் இருக்கும். பொய் இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கும்.

அதிக குளுக்கோஸ் உள்ள டி.எம்.ஈ.எம் மீடியாவில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ், அதாவது 25 மில்லிமோலார். ஒரு குளுக்கோஸ் உடைந்தால் இரண்டு பைருவேட் வரும். ஆக, அந்த மீடியாவே 50 மில்லிமோலார் பைருவேட்டுக்குச் சமமான தீனியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. நாம் வெளியிலிருந்து போடுவது 1 மில்லிமோலார். ஐம்பதில் ஒரு பங்கு. யானைக் கொட்டாரத்தில் ஒரு பிடி கவளம் கூடப் போட்டது போலத்தான். அதனால் செல் கொழுத்துவிடாது.

அப்படியானால் ஏன் போடுகிறோம்? சாதாரண மீடியாவில் அதன் முக்கியமான வேலை வேறு. அந்த வேலை தெரியாமல் போட்டாலும் விட்டாலும் சோதனை முடிவு மாறிப்போகும், காரணமும் பிடிபடாது. முதலில் அந்த வேலைகளைப் பார்த்துவிட்டு ஸ்டாக் (அடர் கரைசல்) தயாரிப்புக்குப் போகலாம். அவசரமாக மீடியா கலக்க வேண்டியவர்கள் ‘ஸ்டாக் தயாரிப்பது’ பகுதிக்குத் தாவலாம்.

உள்ளே போனதும் என்ன ஆகிறது

பைருவேட் சிறிய மூலக்கூறு. மோனோகார்பாக்சிலேட் கடத்திகள் வழியாக செல்லுக்குள் போகும். அங்கிருந்து அதற்கு இரண்டு வழி. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனால் அசிட்டைல் கோ-ஏ ஆகி சிட்ரிக் அமிலச் சுழற்சியில் எரியும், அல்லது ஆக்சலோ அசிட்டேட் ஆகி அந்தச் சுழற்சியை நிரப்பும். எல்லோரும் சொல்லும் ‘எனர்ஜி’ இந்த வழிதான். சைட்டோபிளாசத்திலேயே நின்றுவிட்டால் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை லாக்டேட்டாக மாற்றும். மாற்றும்போது, எலக்ட்ரானைச் சுமக்கும் ஒரு என்.ஏ.டி.எச் மூலக்கூறை அதன் காலி வடிவமான என்.ஏ.டி+ ஆகத் திருப்பித் தரும்.

சாதாரண மீடியாவில் பெரிய விஷயம் இந்த இரண்டாவது வழிதான். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் நிறைய இருக்கிறது, சாப்பிட ஆட்களும் இருக்கிறார்கள். எச்சில் இலையை எடுத்தால்தான் அடுத்த பந்தி உட்காரும். குளுக்கோஸ் உடையும்போதும் அமினோ அமிலங்கள் உருவாகும்போதும் என்.ஏ.டி+ செலவாகி என்.ஏ.டி.எச் குவிகிறது. வழக்கமாக மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி இலையை எடுத்துவிடும். அது மந்தமானால் வெளியிலிருந்து வரும் பைருவேட் அந்த வேலையைப் பார்க்கும்.

இதைக் கண்கூடாகக் காட்டுபவை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ இல்லாத ரோ-ஜீரோ செல்கள். எத்திடியம் புரோமைடில் நீண்ட நாள் வளர்த்து இவற்றை உண்டாக்குவார்கள். இவை பிழைக்க பைருவேட்டும் யூரிடினும் வெளியிலிருந்து வேண்டும் என்று கிங், அட்டார்டி என்ற ஆய்வாளர்கள் 1989இல் காட்டினார்கள். எலக்ட்ரான் சங்கிலி இல்லாத செல் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்து ஏ.டி.பி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) எடுக்க முடியாது. ஆனாலும் பைருவேட் இல்லையென்றால் வளராது. அதாவது இங்கே பைருவேட் எரிபொருளாக வேலை செய்யவில்லை, இலை எடுக்கிறது. அப்படி மீளும் என்.ஏ.டி+ முக்கியமாக எதற்குத் தேவைப்படுகிறது என்பது 2015இல் தெளிவானது: அஸ்பார்ட்டேட் தயாரிக்க. அஸ்பார்ட்டேட் இல்லாமல் நியூக்ளியோடைடு இல்லை, நியூக்ளியோடைடு இல்லாமல் செல் பிரியாது.

ரோ-ஜீரோ செல்லை வளர்க்கப் போகிறவர்களுக்கு அளவு: பைருவேட் 1 மில்லிமோலார், யூரிடின் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம். இரண்டில் எதையும் ஒரு நாள்கூட விடக் கூடாது.

மீடியாவுக்குள்ளேயே செய்கிற வேலை

பைருவேட் செல்லுக்குள் போகாமலே செய்யும் வேலை ஒன்று உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் நொதி எதுவும் இல்லாமலே அதனுடன் வினைபுரிந்து அசிட்டேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் என்று ஆகிவிடும். ஒன்றுக்கு ஒன்று கணக்கு. 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கும் மீடியாவில் 200 மைக்ரோமோலார் பெராக்சைடைப் போட்டால், 37 டிகிரியில் சில நிமிடங்களுக்குள் பாதி காணாமல் போகும். செல்லை பெராக்சைடால் ‘ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்’ செய்வதாக நினைத்துக்கொண்டு பைருவேட் உள்ள மீடியாவில் டோஸ் கொடுப்பவர்கள் பலர். செல் சாகவில்லை என்றதும் டோஸை 500, 1000 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். குற்றம் பெராக்சைடு பாட்டில் மேல் இல்லை.

பெராக்சைடு நாம் போட்டால்தான் வரும் என்றும் இல்லை. மீடியாவில் ரைபோஃபிளேவின் இருக்கிறது. ஹூட்டின் (கிருமி படாமல் வேலை செய்யும் காற்றுப்பெட்டி) டியூப்லைட் வெளிச்சம் பட்டால் அது பெராக்சைடை உண்டாக்கும், ஹெப்பெஸ் பஃபர் சேர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக. கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டியில் விளக்கு எரிந்தபடி வைத்த மீடியா இதனாலேயே கெட்டுப்போகும். பைருவேட் அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பாட்டிலில் அலுமினியத் தாள் சுற்றுவது அதைவிட நல்ல வழி.

செல் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது

செல்கள் தாங்கள் உண்டாக்கும் பைருவேட்டில் ஒரு பகுதியை வெளியே கசியவிடும். பிளாஸ்க் நிறைய செல் இருந்தால் சில மணி நேரத்தில் வெளியிலும் உள்ளேயும் சமநிலை வந்துவிடும். வளர்ப்புத் தட்டின் ஒரு கிணற்றில் (குழியில்) ஒரே ஒரு செல் இருந்தால்? அது கசியவிட்டுக்கொண்டே இருக்கும், மீடியா நிறையவே நிறையாது. அதனால்தான் ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் எடுக்கும்போதும், காலனி உருவாகும் சோதனையிலும், உறைந்த குப்பியை இளக்கிய முதல் இரண்டு நாளிலும் பைருவேட் நன்றாகக் கைகொடுக்கும். 70 சதவீதம் நிரம்பிய ஹீலா (பரவலாக வளர்க்கப்படும் புற்றுநோய் செல் வகை) பிளாஸ்கில் அதே பைருவேட்டைச் சேர்த்தால் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. “நாங்கள் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று சிலர் சொல்வது இதனால்தான். அவர்கள் பார்த்தது நிரம்பிய பிளாஸ்கை.

உங்கள் செல்லுக்கு வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு சிறிய சோதனை போதும். ஆறு கிணற்றுத் தட்டில் கிணற்றுக்கு 200 செல். மூன்று கிணற்றில் பைருவேட் உள்ள மீடியா, மூன்றில் இல்லாதது. 10 முதல் 12 நாள் அசைக்காமல் வைத்து, கிரிஸ்டல் வயலட்டில் சாயமேற்றி, காலனிகளை எண்ணுங்கள்.

உண்மையாகவே எரிபொருளாக இருக்கும் இடங்கள்

எனர்ஜி என்ற சொல் முழுக்கப் பொருந்தும் இடங்களும் உண்டு. எலியின் ஒரு-செல் கரு முதல் பிரிவுக்கு குளுக்கோஸை நம்பாது, பைருவேட் வேண்டும். அதனால் கரு வளர்ப்பு மீடியாக்களில் அது கட்டாயம்: எம்-16இல் 0.33 மில்லிமோலார், கே.எஸ்.ஓ.எம்மில் 0.2 மில்லிமோலார். இங்கே ‘கூடுதலாக 1 மில்லிமோலார் போட்டுவிடலாம்’ என்ற கல்ச்சர் அறைப் பழக்கம் வேண்டாம்; செய்முறையில் உள்ள அளவே இருக்கட்டும்.

இன்னொன்று லைபோவிட்ஸின் எல்-15. இதில் குளுக்கோஸே கிடையாது. 5 மில்லிமோலார் கேலக்டோஸும் 5 மில்லிமோலார் பைருவேட்டும் இருக்கும். லாக்டிக் அமிலம் அதிகம் சேராது, கார்பன் டை ஆக்சைடு இல்லாத சாதாரணக் காற்றிலேயே பி.எச் நிற்கும். எல்-15ஐ 5% கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைப்பது புதியவர்கள் செய்யும் பழைய தவறு. அதில் பைகார்பனேட் பஃபர் இல்லாததால் மீடியா மஞ்சளாகிவிடும்.

மூன்றாவது, குளுக்கோஸை எடுத்துவிட்டு 10 மில்லிமோலார் கேலக்டோஸில் செல்லை வளர்த்து மைட்டோகாண்ட்ரியாவை வேலை வாங்கும் முறை. இதிலும் 1 மில்லிமோலார் பைருவேட் சேர்ப்பது வழக்கம். சாதாரண சீரத்தில் குளுக்கோஸ் இருக்கும். எனவே டயலைஸ் செய்த (சிறு மூலக்கூறுகளை நீக்கிய) சீரம் பயன்படுத்தவில்லையென்றால் ‘குளுக்கோஸ் இல்லா மீடியா’ என்று பெயரளவில்தான் சொல்லலாம்.

முதலில் பாட்டிலைப் படியுங்கள்

ஸ்டாக்கைக் கையில் எடுப்பதற்கு முன் அடிப்படை மீடியாவில் ஏற்கெனவே பைருவேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேபிளில் 110 மி.கி/லிட்டர் என்று இருந்தால் அது 1 மில்லிமோலார். மனப்பாடம் செய்யத் தகுந்த எண் இது.

ஆர்.பி.எம்.ஐ 1640, மெக்காய் 5ஏ, மீடியம் 199 ஆகியவற்றின் வழக்கமான செய்முறையில் பைருவேட் இல்லை. ஹாம்ஸ் எஃப்-12, ஐ.எம்.டி.எம், ஆல்ஃபா எம்.ஈ.எம் மூன்றிலும் 1 மில்லிமோலார் உண்டு. டி.எம்.ஈ.எம்/எஃப்-12 கலவையில் பாதி, 0.5 மில்லிமோலார். நியூரோபேசலில் 0.23 மில்லிமோலார்.

சிக்கல் டி.எம்.ஈ.எம்மில்தான். ஒரே பெயரில் பல வகை. கிப்கோ நிறுவனத்தின் பாட்டில்களில் 11965 எண் கொண்டது அதிக குளுக்கோஸ், பைருவேட் இல்லை. 11995 அதே குளுக்கோஸ், பைருவேட் உண்டு. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. மாணவர் ஒருவர் ஒன்றை ஆர்டர் செய்வார், அடுத்தவர் மற்றதை. ஆறு மாதம் கழித்து இரண்டு பேருடைய ஐ.சி-50 (செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் மருந்தளவு) ஒத்துப்போகவில்லை என்று குழு கூட்டத்தில் தலையைச் சொறிவார்கள். ஆர்.பி.எம்.ஐயிலும், எம்.ஈ.எம்மிலும் இதே கதைதான். அமெரிக்கச் செல் வங்கியான ஏ.டி.சி.சி விற்கும் மாற்றியமைத்த ஆர்.பி.எம்.ஐ 1640லும் ஈ.எம்.ஈ.எம்மிலும் 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கும், மற்றவர்களின் பாட்டிலில் பெரும்பாலும் இருக்காது.

ஏற்கெனவே உள்ள மீடியாவில் மறுபடியும் போட்டால் 2 மில்லிமோலார் ஆகும். செல் சாகாது. மற்றவர்கள் முடிவுகளோடு ஒப்பிட முடியாமல் போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ ஒரு வருட வேலையைத் தின்றுவிடும்.

ஸ்டாக் தயாரிப்பது

தயாராக விற்கும் 100 மில்லிமோலார் கரைசலை வாங்குவது எளிது. வீட்டுக் கணக்கு பார்க்கும் லேப் என்றால் தூளிலிருந்து தயாரிக்கலாம், கஷ்டம் இல்லை. சோடியம் பைருவேட்டின் மூலக்கூறு எடை 110.04. தேவையானவை: செல் கல்ச்சர் தரமுள்ள தூள், 18.2 மெகாஓம் தரமுள்ள அல்ட்ராப்யூர் தண்ணீர், 0.22 மைக்ரான் ஸ்டெரைல் ஃபில்டர், 15 மி.லி ஸ்டெரைல் குழாய்கள்.

1. குளிரில் இருக்கும் தூள் பாட்டிலை அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் வையுங்கள், அரை மணி நேரம் போதும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். சென்னை மாதிரி ஊரில் ஒரு நிமிடத்திலேயே தூள் கட்டிதட்ட ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு எடை நம்ப முடியாது.

2. தூள் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டியிருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

3. 1.10 கிராம் எடைபோட்டு 90 மி.லி தண்ணீரில் கரையுங்கள். லேசாகக் கலக்கினாலே கரைந்துவிடும். சூடாக்க வேண்டாம்.

4. பி.எச் சரிசெய்ய வேண்டாம். குறிப்பாக சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்ற வேண்டாம். காரத்தில் இரண்டு பைருவேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாராபைருவேட் ஆகும். அது சிட்ரிக் அமிலச் சுழற்சியின் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸ் நொதியைத் தடுக்கும். உதவிக்குப் போட்டது உபத்திரவமாகிவிடும்.

5. 100 மி.லி குறிவரை தண்ணீர் ஊற்றுங்கள். இது 100 மில்லிமோலார், அதாவது 100 எக்ஸ்.

6. ஹூட்டுக்குள் ஃபில்டர் செய்யுங்கள். ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. 121 டிகிரி சூட்டில் பைருவேட் சிதையும். மற்ற பஃபர்களோடு சேர்த்து இதையும் ஆட்டோகிளேவ் கூடைக்குள் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் பார்த்தால் கரைசல் தெளிவாகவே இருக்கக்கூடும், அதனால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

7. 5 மி.லி வீதம் குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, அலுமினியத் தாள் சுற்றி 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். நாமே தயாரித்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பது நல்லது. 1.10 கிராம் தூளின் விலைக்காக ஒரு சோதனையைப் பணயம் வைக்க வேண்டாம்.

8. 1 மி.லியை ஆன்டிபயாடிக் சேர்க்காத 10 மி.லி மீடியாவில் கலந்து 37 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். கலங்கவில்லையென்றால் அந்த பேட்ச்சைப் பயன்படுத்தலாம்.

தசமப் புள்ளியில் கவனம். 1.10க்குப் பதில் 11.0 கிராம் போட்டால் ஸ்டாக் 1 மோலார் ஆகும். அதை 100 எக்ஸ் என்று நினைத்துக் கலந்தால் மீடியாவில் 10 மில்லிமோலார், ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள் செறிவு) கிலோவுக்குச் சுமார் 20 மில்லிஆஸ்மோல் கூடியிருக்கும். அதே மாதிரி, அலமாரியில் பைருவிக் அமிலம் என்ற பாட்டிலும் இருக்கலாம். அது திரவம், மூலக்கூறு எடை 88.06, அதைக் காரம் ஊற்றிச் சமன் செய்ய வேண்டியிருக்கும். மேலே சொன்ன காரணத்துக்காகவே அதைத் தொட வேண்டாம். எத்தில் பைருவேட்டும் மெத்தில் பைருவேட்டும் தனிச் சேர்மங்கள், இதற்கு மாற்று அல்ல.

மீடியாவில் சேர்ப்பது

பைருவேட்டும் குளூட்டமினும் இல்லாத ஆர்.பி.எம்.ஐ 1640ஐ வைத்து 500 மி.லி தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம்: அடிப்படை மீடியா 435 மி.லி, சீரம் 50 மி.லி, 200 மில்லிமோலார் குளூட்டமின் 5 மி.லி, 100 எக்ஸ் பென்சிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் 5 மி.லி, 100 எக்ஸ் பைருவேட் 5 மி.லி. குளூட்டமின் ஏற்கெனவே இருந்தால் மீடியா 440 மி.லி.

பாட்டிலிலிருந்து மீடியாவை வெளியே எடுக்காமல் முழு 500 மி.லி.யில் 5 மி.லி ஊற்றினால் 0.99 மில்லிமோலார் வரும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே பாட்டிலில் 50 மி.லி சீரமும் மற்றவையும் ஊற்றினால் எல்லாமே பத்து சதவீதத்துக்கு மேல் நீர்த்துப்போகும். எப்படிச் செய்தாலும் லேபில் எல்லோரும் ஒரே மாதிரி செய்யட்டும்.

பைருவேட் இல்லாமல் வளர்ந்த செல்லை பைருவேட் உள்ள மீடியாவுக்கு மாற்றினால், சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புதுப் பிளாஸ்குக்கு மாற்றும் சுற்று) அதிலேயே ஓட்டுங்கள். புதிதாக வாங்கிய செல், அது புணேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வந்தாலும் சரி, வேறெங்கிருந்து வந்தாலும் சரி, அங்கே எந்த மீடியாவில் வளர்ந்ததோ அதிலேயே இளக்குங்கள். மாற்ற வேண்டுமென்றால் அது நிலைத்த பிறகு மாற்றலாம்.

மூலிகைச் சாறு சோதிப்பவர்கள் நின்று படிக்க வேண்டியது

தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் செல் கல்ச்சர் என்றாலே பாதிப் பேருக்கு எம்.சி.எஃப்-7 (மார்பகப் புற்றுநோய் செல்) இலோ ஹீலாவிலோ இலைச் சாற்றைப் போட்டு எம்.டி.டி (உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் சாயச் சோதனை) பார்ப்பதுதான். பைருவேட் கவனிக்கப்பட வேண்டிய இடம் இதைவிட வேறு இல்லை.

தேயிலைக் கேட்டகின்கள், கேலிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் மீடியாவில் விழுந்ததும் காற்றின் ஆக்சிஜனோடு தாமாகவே வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும். வைட்டமின் சியும் அப்படித்தான். பல நேரம் அந்தப் பெராக்சைடுதான் செல்லைக் கொல்கிறது. அப்போது சாறு செல்லுக்குள் போய் ஒரு புரதத்தைப் பிடித்து எதுவும் செய்திருக்காது. இது உடம்புக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, தட்டுக்குள் நடக்கும் வேதியியல். பைருவேட் இல்லாத மீடியாவில் சோதித்தவருக்கு ‘புற்றுநோய் செல்லை அழிக்கும்’ சாறு கிடைக்கும். பைருவேட் உள்ளதில் சோதித்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது. இருவரும் நேர்மையாகத்தான் செய்திருப்பார்கள்.

பிரித்தறிய ஒரே ஒரு 96 கிணற்றுத் தட்டு போதும். கிணற்றுக்கு 5,000 செல் வீதம் 100 மைக்ரோலிட்டர் பைருவேட் இல்லா மீடியாவில் போட்டு ஒரு இரவு ஒட்டவிடுங்கள். மறுநாள் பழைய மீடியாவை எடுத்துவிட்டு மூன்று வரிசையாகப் பிரியுங்கள். முதல் வரிசையில் பைருவேட் இல்லா மீடியா. இரண்டாவதில் 1 மில்லிமோலார் பைருவேட். மூன்றாவதில் பைருவேட் இல்லாமல் மி.லி.க்கு 200 யூனிட் கேட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கும் நொதி). மூன்றிலும் சாற்றின் அளவு ஒன்றே: மி.லி.க்கு 0, 25, 50, 100, 200 மைக்ரோகிராம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கிணறு. சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவு, 0.5 சதவீதத்துக்கு மேல் போகாமல். 24 மணி நேரம் கழித்து எம்.டி.டி.

செல்லே இல்லாமல் சாறும் எம்.டி.டியும் மட்டும் உள்ள கிணறுகளும் கட்டாயம் வேண்டும். பாலிஃபீனால் எம்.டி.டியை நேரடியாகவே ஊதாவாக்கிவிடும். செல் இல்லாத கிணறு ஊதாவானால், சாயத்தைப் போடும் முன் சாற்றைக் கழுவி எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

படிக்கும் விதம் இது. பைருவேட்டிலும் கேட்டலேஸிலும் செல் பிழைத்தால் கொன்றது மீடியாவில் உண்டான பெராக்சைடு. பைருவேட்டில் மட்டும் பிழைத்து கேட்டலேஸில் செத்தால், சாற்றில் மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம், பைருவேட் அங்கே என்.ஏ.டி+ மீட்டுக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டிலும் செத்தால்தான் சாற்றுக்கு வேறு நேரடி வேலை இருப்பதாக நம்பி அடுத்த படிக்குப் போகலாம். சந்தேகம் தீராவிட்டால் கொதிக்கவைத்த கேட்டலேஸை நான்காவது வரிசையாகச் சேருங்கள். அது காப்பாற்றக் கூடாது.

சேர்க்கக் கூடாத, அல்லது யோசிக்க வேண்டிய இடங்கள்

மெட்ஃபார்மின், ரோட்டினோன், ஆன்டிமைசின் போல மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் மருந்துகளின் வளர்ச்சித் தடையைப் பைருவேட் பெருமளவு மறைத்துவிடும். இவற்றைச் சோதிக்கும்போது இரண்டு மீடியாவிலும் செய்து இரண்டையும் எழுதுங்கள்.

ஆக்சிஜன் ரேடிகல்களை டி.சி.எஃப் சாயத்தால் அளப்பவர்கள் சோதனை நேரத்துக்கு மட்டும் பைருவேட் இல்லாத பஃபருக்கு மாறலாம்.

செத்த செல்லிலிருந்து கசியும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸை நிறமாற்றத்தால் அளக்கும் கிட்களில் நொதி லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றும் திசையில் ஓட வேண்டும். மீடியாவில் ஏற்கெனவே பைருவேட் இருந்தால் அது அந்த ஓட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும், செத்த செல் குறைவாகத் தெரியும். எல்-15இல் இந்தக் கோளாறு இன்னும் மோசம். செல்லின் ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் சீஹார்ஸ் கருவியில் மைட்டோ ஸ்ட்ரெஸ் சோதனைக்கு வழக்கமான மீடியா 10 மில்லிமோலார் குளுக்கோஸ், 1 மில்லிமோலார் பைருவேட், 2 மில்லிமோலார் குளூட்டமின். கிளைக்காலிசிஸ் ஸ்ட்ரெஸ் சோதனையில் பைருவேட் சேர்ப்பதில்லை. ஒன்றின் மீடியாவை மற்றதற்கு ஊற்றிவிட்டு வரைபடத்தைத் திட்டுவது சகஜம்.

வழக்கமாக வரும் புகார்கள்

“பைருவேட் போட்டதிலிருந்து மீடியா சீக்கிரம் மஞ்சளாகிறது.” பைருவேட் லாக்டேட்டாக மாறும்போது அமிலம் கூடுவதில்லை. செல் எண்ணிக்கை கூடியிருக்கும், அல்லது இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு சதவீதம் ஏறியிருக்கும், அல்லது பாக்டீரியா வந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

“போட்டும் செல் வளரவில்லை.” ஸ்டாக்கின் தேதியைப் பாருங்கள், யாராவது ஆட்டோகிளேவ் செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் சரி என்றால் கோளாறு பைருவேட்டில் இல்லை. சீரம் லாட், மைக்கோபிளாஸ்மா (கல்ச்சரைத் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா), டிரிப்சினில் (செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதி) அதிக நேரம் விட்டது என்று வரிசையாகத் தேடுங்கள். பைருவேட் மருந்தல்ல, மைக்கோபிளாஸ்மா பிடித்த செல்லை அது தேற்றாது.

“நேற்றுவரை வந்த ஐ.சி-50 இன்று இரண்டு மடங்காகிவிட்டது.” புது மீடியா பாட்டில் திறந்தீர்களா? கேட்லாக் எண்ணை முந்தைய காலிப் பாட்டிலோடு ஒப்பிடுங்கள். காலிப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. அதனால் லேபிளைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிடுவது நல்ல பழக்கம்.

கலந்த மீடியா பாட்டிலின் மேல் பெரும்பாலோர் “டி.எம்.ஈ.எம் + 10%” என்று மட்டும் எழுதுவார்கள். அது போதாது. இப்படி எழுதுங்கள்: “டி.எம்.ஈ.எம், 25 மி.மோ குளுக்கோஸ், கேட். 11965, சீரம் 10%, குளூட்டமின் 4 மி.மோ, பைருவேட் 1 மி.மோ (சேர்த்தது), கலந்த தேதி, பெயர்.” பைருவேட் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் “பைருவேட் 0” என்றே எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரையின் முறைகள் பகுதியிலும் அதே வரிதான் போக வேண்டும்.